முதலில் தண்ணீர், அப்புறம் ஆராய்ச்சி

அண்டார்டிகாவில் ஒரு குளிர்காலம் இருந்துவிட்டு வந்த ஆள் என்று தெரிந்ததும் ஊரில் எல்லோரும் முதலில் கேட்பது பென்குயினைத்தான். குளிர்காலம் முழுக்க ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை என்றால் கேட்டவர் முகம் வாடிவிடுகிறது. என்ன செய்வது, நான் இருந்த மைத்ரி என்ற இந்திய ஆராய்ச்சி நிலையம் கடலோரத்தில் இல்லை. கப்பல் வந்து நிற்கிற, கடல்மேல் மிதக்கும் பனித்தட்டின் விளிம்பு அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். கோடையில் வழிதவறிய அடேலி பென்குயின் ஒன்றிரண்டு எப்போதாவது நிலையத்துப் பக்கம் வந்து நிற்கும். கோடை முடிந்து ஸ்குவா பறவைகளும் கிளம்பிவிட்டால், அப்புறம் வசந்தம் வரை அங்கே உயிருள்ளவை என்று சொல்ல நாங்களும், பாறையில் ஒட்டிக்கிடக்கும் பாசியும் லைக்கனும்தான்.

இரண்டாவது கேள்வி குளிர். அதற்கு ஒரு எண்ணைச் சொன்னால் போதும், ஆள் திருப்தியாகிவிடுவார். மூன்றாவதுதான் சிக்கல்: "அங்கே அப்படி என்னதான் ஆராய்ச்சி பண்ணினீங்க?"

நான் வானிலை ஆள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை காற்றழுத்தம், வெப்பநிலை, காற்றின் வேகம், திசை, மேகம், கண்ணுக்கு எட்டும் தூரம் ஆகியவற்றைக் குறித்து அனுப்ப வேண்டும். வாரம் ஒரு பலூன் விட வேண்டும். இதற்கெல்லாம் ஒரு நாளில் எவ்வளவு நேரம் போகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மீதி நேரத்தில் பாத்திரம் கழுவினேன், பனி அள்ளினேன், எரிபொருள் டிரம் உருட்டினேன், குப்பை பிரித்தேன், உறைந்த குழாயைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டேன். பூமியின் காந்தப்புலத்தை அளக்க வந்தவரும் அதையேதான் செய்தார். டாக்டரும் அதையேதான் செய்தார். கல்யாண வீட்டில் மாமா பந்தி பரிமாறுவார், வக்கீல் சித்தப்பா வாசலில் செருப்பைக் காவல் காப்பார் இல்லையா, அந்த மாதிரி ஒரு வருஷம்.

இதைச் சொன்னால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது, ஆராய்ச்சியைக் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. துருவத்தில் ஆராய்ச்சி நிலையம் என்பது முதலில் ஒரு வீடு. அந்த வீடு அணையாமல், உறையாமல், எரியாமல் ஓடிக்கொண்டிருந்தால்தான் அளவீடு என்ற பேச்சே. படிப்பில் பெரிய ஆளாக வந்து குழாய்ப் பக்கம் போகமாட்டேன் என்றவர்கள் அங்கே சீக்கிரமே தனியாகிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

மைத்ரி இருக்கும் இடத்துக்கு ஷிர்மாகர் ஓயாசிஸ் என்று பெயர். தென் அட்சரேகை 70 டிகிரி 45 நிமிடம். சுற்றிலும் பனிப்பாளமாக இருக்க, நடுவில் சுமார் 35 சதுர கிலோமீட்டருக்கு மட்டும் பாறை வெளியே தெரிகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட சின்னச் சின்ன ஏரிகள். 1938-39இல் வந்த ஜெர்மன் குழுவின் விமானி ஷிர்மாகர் மேலிருந்து பார்த்ததால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. சோலை என்றதும் மரம் மட்டையை நினைத்துக்கொள்ள வேண்டாம். பழுப்புப் பாறையும் சரளைக்கல்லும்தான். எங்கள் குவாரிகளை ஞாபகப்படுத்தும் இடங்கள்கூட உண்டு.

பாறைமேல் கட்டியதற்குக் காரணம் இருக்கிறது. இந்தியாவின் முதல் குழு, கடல் விஞ்ஞானி காசிம் தலைமையில் 21 பேர், 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து கிளம்பி 1982 ஜனவரி 9 அன்று அண்டார்டிகாவில் இறங்கினார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் தட்சிண் கங்கோத்ரி என்ற முதல் நிலையத்தைக் கட்டினார்கள். அது பனித்தட்டின் மேலேயே நின்றது. பனித்தட்டில் எதை வைத்தாலும் மேலே விழும் பனி கரையாது. ஒவ்வொரு வருஷமும் ஏறிக்கொண்டே போகும். சில ஆண்டுகளில் அந்தக் கட்டிடம் பனிக்குள் புதைந்துபோய், ஆள் தங்க முடியாமல் கைவிட வேண்டியதாயிற்று. அதற்குள் மைத்ரி தயாராகிவிட்டது. 1989இலிருந்து அதுதான் வீடு. கால்கள் மேல் தூக்கி நிறுத்திய கட்டிடம், அடியில் காற்று புகுந்து பனியை அடித்துக்கொண்டு போகிற மாதிரி. பக்கத்திலேயே பிரியதர்ஷினி ஏரி. இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் பாதிக் காரணம் அந்த ஏரிதான் என்பேன்.

போவதற்கு முன்னால் நடக்கிற சடங்குகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெல்லி எய்ம்ஸில் உடல் சோதனை, மனநலச் சோதனை. உத்தராகண்டின் ஔலியில் இந்தோ-திபெத் எல்லைப் போலீஸ் படையினரிடம் பனியில் நடக்க, கயிற்றில் தொங்க, விழுந்தால் சறுக்கலை நிறுத்தப் பயிற்சி. கோவாவில் இருக்கும் தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையத்தில் பாடம். அப்புறம் கேப் டவுன். அங்கிருந்து இல்யூஷின்-76 சரக்கு விமானம். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு ஆறு மணி நேரம் போல உட்கார்ந்தால் நீலப் பனிக்கட்டி ஓடுபாதையில் இறக்கிவிடும். கதவு திறந்ததும் முகத்தில் அறைகிற வெளிச்சத்தைப் பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது. நான் விட்டுவிடுகிறேன்.

கோடை என்பது அங்கே மூட்டை தூக்கும் பருவம். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை சூரியன் மறைவதில்லை. வடக்கே ஏறி நின்று, வலமிருந்து இடமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். கப்பல் வந்ததும் பிஸ்டன் புல்லி வண்டிகள் பின்னால் ஸ்லெட்ஜைக் கட்டிக்கொண்டு பனித்தட்டு விளிம்புக்கும் நிலையத்துக்கும் கான்வாய் ஓட்டும். வழியில் பனிப்பிளவுகள் உண்டு, அதனால் போன வண்டியின் தடத்தை விட்டு ஒரு அடி விலகக் கூடாது. ஒரு வருஷத்துக்கான எரிபொருள், அரிசி, உதிரி பாகம், மருந்து எல்லாம் இப்படித்தான் வரும். ஒரு கேஸ்கெட் மறந்துபோனால் அடுத்த கப்பல் அடுத்த வருஷம்தான். கோடை முடிகிற நேரத்தில் கடைசி விமானமும் போய்விடும். இருபத்தைந்து பேர் அளவில் மிஞ்சுவோம். நவம்பர் வரை யாரும் வரவும் முடியாது, போகவும் முடியாது.

சரி, காற்றுக்கு வருகிறேன். நான் பேச ஆசைப்படுவது அதைத்தான்.

நாகப்பட்டினம் பக்கத்து ஆள் என்பதால் புயல் எனக்குப் புதிதல்ல. 2018 நவம்பரில் கஜா கரையேறிய இரவு எங்கள் வீட்டுத் தென்னைகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வங்கக் கடலில் காற்று 34 நாட், அதாவது மணிக்கு அறுபத்துச் சொச்சம் கிலோமீட்டரைத் தொட்டால் அதற்குப் பெயர் வைத்து, கூண்டு ஏற்றி, டிவியில் நாள் முழுக்கப் பேசுவோம். மைத்ரியில் 34 நாட் என்றால் குறிப்பேட்டில் ஒரு எண், அவ்வளவுதான். மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டும்போதுதான் சாப்பாட்டு மேசையில் பேச்சே எழும். எங்கள் ஊர்ப் புயல் ஒரு ராத்திரியில் கடந்துபோய்விடும். இது மூன்று நாள் உட்காரும்.

இரண்டு விஷயம் சேர்ந்து நடக்கிறது. தெற்கே பனிப்பீடபூமியில் குளிர்ந்து கனத்த காற்று சரிவில் உருண்டு இறங்கிக்கொண்டே இருக்கும். இது அன்றாடக் காற்று. தென்கிழக்கிலிருந்து வரும். அதோடு, அண்டார்டிகாவைச் சுற்றி மேற்கிலிருந்து கிழக்காகத் தாழ்வழுத்தங்கள் வரிசைகட்டிப் போகும். அதில் ஒன்று கரைப்பக்கம் நெருங்கினால் கிழக்குக் காற்று வெறிபிடிக்கும், தரையில் கிடக்கும் பனித்தூள் எல்லாம் எழும்பும். அதுதான் பிளிசார்ட். புதிதாக வந்தவர்களுக்கு விளங்காத ஒன்று, பிளிசார்ட் வருவதற்கு முன் குளிர் குறையும் என்பது. மைனஸ் இருபத்தைந்தில் இருந்த வெப்பநிலை திடீரென மைனஸ் பன்னிரண்டுக்கு ஏறும், பாரோமீட்டர் இறங்கும். "இன்னைக்குக் கொஞ்சம் இதமா இருக்கே" என்று யாராவது சொன்னால் நான் வெளிவேலைகளை முடிக்கச் சொல்லி வாக்கி டாக்கியில் கூவ ஆரம்பித்துவிடுவேன்.

பிளிசார்டுக்குள் கையை நீட்டினால் கையுறை தெரியாது. கட்டிடங்களுக்கு நடுவே கயிறு கட்டியிருப்போம். தனியாகப் போகக் கூடாது. கிளம்பும்போது பதிவேட்டில் எழுத வேண்டும், திரும்பி வந்ததும் அடித்துவிட வேண்டும். பனித்தூள் மாவைவிட நைசாக இருக்கும். சாவித் துவாரம் போன்ற ஓட்டையில்கூடப் புகுந்து உள்பக்கம் தரையில் ஒரு சின்னக் கூம்பாகக் குவிந்திருக்கும். காலையில் அந்தக் கூம்பைப் பார்த்தே ராத்திரி காற்று எப்படி என்று சொல்லிவிடலாம். கருவி எதற்கு!

குளிர், நான் பயந்த அளவுக்கு இல்லை. குளிர்காலத்தில் மைனஸ் இருபது, இருபத்தைந்து சாதாரணம், முப்பதைத் தாண்டுகிற நாட்களும் வரும். கண்டத்தின் உட்பகுதியில் ரஷ்யர்களின் வோஸ்டாக் நிலையத்தில் 1983 ஜூலை 21 அன்று மைனஸ் 89.2 பதிவானது, அதோடு பார்த்தால் நாங்கள் கடற்கரையில் காற்று வாங்கிக்கொண்டிருந்தோம். உடுப்பு சரியாக இருந்தால் குளிர் தாங்கும். தாங்காதது விரல்.

விரல் என்றதும் குழாய்.

பிரியதர்ஷினி ஏரியின் மேல்பகுதி குளிர்காலம் முழுக்கத் தடித்த பனிக்கட்டி. அடியில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். கரையில் பம்ப் வீடு. அங்கிருந்து நிலையத்துக்குக் குழாய். குழாயைச் சுற்றி மின்சாரத்தால் சூடேறும் கம்பி, அதன்மேல் காப்பு உறை. பம்ப் ஓடி, கம்பியும் சூடாக இருக்கும்வரை ஒன்றுமில்லை. ஒரு ஜாயின்ட்டில் காப்பு உறை காற்றில் கிழிந்தால் போதும், அந்த ஒரு சாண் இடத்தில் தண்ணீர் உறைந்து அடைத்துக்கொள்ளும். பிறகு பின்னால் நிற்கும் தண்ணீரும் உறையத் தொடங்கும். உறைந்தால் விரிவடையும், விரிந்தால் குழாய் வெடிக்கும். ஆகவே கையில் இருப்பது மணிக்கணக்கல்ல, நிமிடக்கணக்கு.

எங்கள் ஜெனரேட்டர் மெக்கானிக் தூத்துக்குடிக்காரர். நான் அண்ணாச்சி என்று கூப்பிடப்போய், பஞ்சாபிலிருந்து வந்தவர், வங்காளி டாக்டர், லீடர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி ஆகிவிட்டார். ஜூன் மாதம் ஒரு ராத்திரி கதவைத் தட்டினார்.

"தம்பி, தண்ணி நின்னு போச்சு. கெளம்புங்க."

"காத்து நாப்பது நாட் அடிக்குது அண்ணாச்சி."

"அது அடிக்கட்டும். குழாய்க்குத் தெரியுமா?"

நாலு பேர் போனோம். தலையில் விளக்கு. குழாய் நெடுகச் சுத்தியலின் மரக்கைப்பிடியால் தட்டிக்கொண்டே போக வேண்டும். உள்ளே தண்ணீர் இருந்தால் ஒரு சத்தம், வெற்றாக இருந்தால் கணீர், உறைந்திருந்தால் மொத்தென்று கல்லைத் தட்டுகிற சத்தம். காற்று இரைகிறபோது இந்த வித்தியாசம் வெளியே கேட்காது. முகமூடியை விலக்கி, தொப்பியோடு காதைக் குழாயில் அழுத்தி வைத்தால்தான் கேட்கும். அண்ணாச்சி தட்ட, நான் கேட்க, ஏரிக்குப் பாதி தூரத்தில் இடம் அகப்பட்டது. காப்பு உறையைப் பிரித்தால் உள்ளே கம்பி கருகியிருந்தது.

ஜாயின்ட்டைக் கழற்ற வேண்டும். பெரிய கையுறையோடு நட்டைப் பிடிக்க முடியாது. உள்ளே போட்டிருக்கும் மெல்லிய கையுறையோடு பிடித்தால் ஒரு நிமிடம் விரல் இருக்கும். அடுத்த நிமிடம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வெறும் விரலால் இரும்பைத் தொடவே கூடாது, ஒட்டிக்கொண்டு தோலோடு வரும். அதனால் முறைவைத்தோம். ஒருவர் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுக் கையை ஜாக்கெட்டுக்குள் அக்குளில் திணித்துக்கொள்வார், அடுத்தவர் வருவார். டாக்டர் ஹாட் ஏர் புளோயரைப் பிடித்துக்கொண்டிருந்தார். உறைந்த துண்டைக் கழற்றி, நிலையத்துக்குள் தூக்கிப் போய் இளக்கி, மாற்றுக் கம்பி சுற்றித் திரும்ப மாட்டி முடித்தபோது என்னுடைய அதிகாலை வானிலைக் குறிப்புக்கு நேரமாகிவிட்டது. விரலில் உணர்வு திரும்பும்போது வருகிற வலி, கதவிடுக்கில் நசுங்கியதைவிட மோசம். அந்த வலி வந்தால் நல்லது என்று டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். வராவிட்டால்தான் அவருக்கு வேலை.

அந்தக் குளிர்காலத்தில் இது கடைசியும் அல்ல. நினைத்த நேரத்தில் குளிக்க முடியாது, துணி துவைக்க முறை உண்டு. குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு பல் தேய்க்கிற ஆளை மேசையில் எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்பார்கள். சென்னையின் தண்ணீர்க் கஷ்டம் தெரிந்தவனுக்கு இது ஒன்றும் பெரிய அதிர்ச்சி அல்ல.

தண்ணீர் இல்லாமல் போவதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டென்றால் அது நெருப்பு. சுற்றிலும் பனி இருந்தாலும் அண்டார்டிகா உலகத்திலேயே வறண்ட கண்டம். உள்ளே சூடாக்கிய காற்றில் ஈரமே இருக்காது. கதவுப்பிடியைத் தொட்டால் சுள்ளென்று பொறி அடிக்கும், கம்பளியைக் கழற்றினால் இருட்டில் மின்னும். இப்படிக் காய்ந்த கட்டிடத்தில் தீப்பிடித்தால் அணைக்கத் தண்ணீர் எங்கே? வோஸ்டாக்கில் 1982 ஏப்ரலில் மின் நிலையம் எரிந்து ஒருவர் இறந்தார். மற்றவர்கள் மீதிக் குளிர்காலத்தை ஒப்பேற்றிய விதம் தனிக் கதை. 2012 பிப்ரவரியில் பிரேசிலின் கமாண்டன்டே ஃபெராஸ் நிலையம் எரிந்து இரண்டு பேர் போனார்கள். அதனால் ராத்திரி ரோந்து என்று ஒரு முறை இருக்கும். ஒருவர் விழித்திருந்து ஜெனரேட்டர் அறை, சமையலறை, கிடங்கு என்று சுற்றி வர வேண்டும். தூக்கம் வராதவர்கள் அதை விரும்பிக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

தூக்கம் வராதவர்கள் நிறைய. மே 20ஐ ஒட்டி மறைகிற சூரியன் ஜூலை 23 வாக்கில்தான் திரும்பத் தலைகாட்டும். இரண்டு மாதம் கும்மிருட்டு என்று எழுதுகிறவர்கள் அங்கே போனதில்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஜூன் 21 அன்றுகூட நடுப்பகலில் சூரியன் அடிவானத்துக்குக் கீழே நாலு டிகிரியில்தான் இருக்கும். வடக்கே செம்மஞ்சளாக ஒரு கீற்று, விளக்கில்லாமல் நடக்கிற அளவுக்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேர வெளிச்சம். பௌர்ணமி சமயத்தில் நிலா பல நாட்கள் மறையாமல் தலைக்குமேல் சுற்றும். அரோரா என்கிற துருவ ஒளி உண்டு, அழகுதான், ஆனால் பச்சை வெளிச்சத்தைப் பார்க்க மைனஸ் இருபத்தெட்டில் நிற்கிற உற்சாகம் ஏப்ரலோடு தீர்ந்துவிட்டது எனக்கு. வெளிச்சம் இல்லாததைவிட நேரம் இல்லாததுதான் ஆளைக் குழப்பும். காலை இட்லியா ராத்திரிச் சப்பாத்தியா என்பதை வைத்துத்தான் பொழுதைச் சொல்ல முடிந்தது.

இட்லி என்றேனே. நிலையத்துக்குள் இருக்கும் சூட்டில் மாவு இரண்டு நாளானாலும் பொங்காது. அண்ணாச்சி ஜெனரேட்டர் அறைச் சுவரை ஒட்டி ஒரு தட்டு அடித்து, அதில் மாவுப் பாத்திரத்தை வைத்தார். மறுநாள் மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. முதல் ஈட்டில் லேசாக எரிபொருள் வாடை. அதற்கப்புறம் மூடிக்கு மேல் ஈரத்துணி, துணிக்கு மேல் இன்னொரு மூடி. ஞாயிற்றுக்கிழமை சமையல்காரருக்கு ஓய்வு, நாங்கள் ஆளாளுக்கு முறைவைத்துச் சமைப்போம். எங்கள் ஞாயிறுக்கு மட்டும் எட்டு மணிக்கே மேசை நிறைந்துவிடும்.

தயிருக்கு நேர்ந்ததைத்தான் சொல்ல வேண்டும். பால் பவுடரைக் கரைத்துக் காய்ச்சி, முதல் நாள் தயிரில் கொஞ்சம் உறைக்கு எடுத்து வைத்து, அப்படியே மாதக்கணக்கில் ஒரே வம்சமாக ஓட்டிக்கொண்டிருந்தோம். ஆகஸ்டில் ஒரு ராத்திரி ரோந்துக்காரர் பசியில் உறைக்கிண்ணத்தையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டார். அடுத்த தயிர் நாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்தான். காலையில் மேசையில் ஒரு மரண அமைதி. அப்புறம் அண்ணாச்சிக்கு அவர் அம்மா செய்கிற வித்தை ஞாபகம் வந்தது: வெதுவெதுப்பான பாலில் காய்ந்த மிளகாய்க் காம்பைப் போட்டு வைப்பது. முதலில் கிடைத்தது நூல்நூலாக, வாயில் வைக்க முடியாத ஒன்று. அதிலிருந்து எடுத்து அடுத்ததில் போட்டு, அதிலிருந்து அடுத்ததில் போட்டு, வார முடிவில் தயிர். உயிர்வேதியியல் படித்த ஒருவர் இதற்கு அரைமணி நேரம் விளக்கம் கொடுத்தார். கேட்டுக்கொண்டே சாப்பிட்டோம். கறிவேப்பிலைதான் கடைசிவரை பொடியாகவே கிடைத்தது. தொட்டியில் ஒரு செடி கொண்டுபோக முடியாதா என்று அக்கா கேட்டாள். அண்டார்டிக் ஒப்பந்தத்தின் சுற்றுச்சூழல் விதிகளின்படி மண்ணோடு செடி கொண்டுபோவதெல்லாம் நடக்காது. நாய்களையே 1994க்குள் வெளியேற்றிவிட்டார்கள்.

சண்டை வந்ததா என்றால், வந்தது. பெரிய விஷயத்துக்கு ஒரு சண்டையும் வரவில்லை. டீ கலக்கும்போது ஸ்பூனைக் கிளாசில் ணங்ணங்கென்று அடிப்பவர், கதவை விட்டுவிட்டுப் போகிறவர், ஒரே பழைய படத்தைத் திரும்பத் திரும்பப் போடுகிறவர். ஜூலையில் இரண்டு பேர் ஒரு நாற்காலிக்காக வாரக்கணக்கில் பேசிக்கொள்ளவில்லை. எங்கள் லீடர் கெட்டிக்காரர். அந்த இருவரையும் ஒரே பனி அள்ளும் முறையில் போட்டுவிட்டார். கிடங்கு வாசலை மூடிக்கொண்டிருந்த பனியை இரண்டு பேர் சேர்ந்து வெட்டினால்தான் மதியத்துக்கு அரிசி வரும்.

பக்கத்து வீடு என்றால் கிழக்கே நாலைந்து கிலோமீட்டரில் ரஷ்யர்களின் நோவோலாசரேவ்ஸ்கயா. அவர்கள் ஆவிக்குளியலுக்குக் கூப்பிடுவார்கள், நாங்கள் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவோம். ஜூன் 21, நடுக்குளிர்கால நாள், கண்டத்தின் எல்லா நிலையங்களும் ஒன்றுக்கொன்று வாழ்த்தும் குழுப் படமும் அனுப்பிக்கொள்ளும் நாள். பெயர்கூட வாயில் நுழையாத நிலையங்களிலிருந்தெல்லாம் தாடிக்காரர்கள் கையாட்டுகிற படங்கள் வந்தன. அன்று ரஷ்யர்கள் வண்டியில் வந்திருந்தார்கள். அவர்கள் நிலையத்தில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1961 ஏப்ரல் 30 அன்று அங்கே இருந்த ஒரே மருத்துவர் லியோனித் ரோகசோவுக்குக் குடல்வால் அழற்சி. வயது 27. விமானம் வர வழியில்லை. வயிற்றை மரத்துப்போகச் செய்து, பாதி சாய்ந்த நிலையில் தன் குடல்வாலைத் தானே அறுத்து எடுத்தார். ஏறத்தாழ இரண்டு மணி நேரம். பிழைத்து, இரண்டு வாரத்தில் வேலைக்கும் திரும்பிவிட்டார். எல்லோரும் அவரைத்தான் பேசுவார்கள், பேச வேண்டியதுதான். எனக்கு ஞாபகம் நிற்பது பக்கத்தில் நின்ற இருவர். கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் மெக்கானிக். வெட்டுக்காயத்தைக் கொக்கிகளால் விலக்கிப் பிடித்துக்கொண்டிருந்தவர் வானிலை ஆள். இந்தக் கதையைக் கேட்ட பிறகு எங்கள் டாக்டர் அண்ணாச்சியையும் என்னையும் பார்த்த பார்வையில் ஒரு மாற்றம் தெரிந்தது. ஆஸ்திரேலியா, தன் நிலையங்களில் குளிர்காலம் தங்கப்போகும் மருத்துவர்களுக்குக் குடல்வாலை முன்கூட்டியே எடுத்துவிடுகிறது. நியாயமான ஏற்பாடு.

இனி ஆராய்ச்சி. கேட்டீர்களே.

ஓசோன் பலூன் என்பது ஹைட்ரஜன் நிரப்பிய ரப்பர் பலூன். அடியில் ஒரு பெட்டி தொங்கும். பெட்டிக்குள் பொட்டாசியம் அயோடைடு கரைசல், அதன் வழியாகக் காற்றை இழுத்துவிடும் குட்டிப் பம்ப். ஓசோன் எவ்வளவு கலந்திருக்கிறதோ அந்த அளவுக்குக் கரைசலில் மின்னோட்டம் வரும். ரேடியோ அதைக் கீழே அனுப்பிக்கொண்டே இருக்கும். முப்பது கிலோமீட்டர் உயரம் வரை போகுமானால் அன்று விருந்து. ஒருவர் பலூனை அணைத்துக்கொண்டும், இன்னொருவர் பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டும் காற்றடிக்கும் திசையிலேயே ஓடி, கத்தி, ஒரே நேரத்தில் விட வேண்டும். ஒரு விநாடி பிசகினால் பெட்டி பாறையில் அடித்துச் சிதறும். குளிர்காலத்தில் மேலே மைனஸ் எண்பதுக்குக் கீழே போவதால் ரப்பர் விறைத்துச் சீக்கிரம் வெடித்துவிடும். அதற்காகப் பல நிலையங்களில் பலூனை எண்ணெயில் ஊறவைத்து விடுவார்கள்.

அந்தக் குளிர்தான் விஷயமே. துருவ இரவில், மைனஸ் 78க்குக் கீழே போனதும் மேலடுக்கில் ஒருவகை மேகம் உருவாகும். பழைய ஃப்ரிட்ஜ், ஏசி, ஸ்பிரே டப்பாவிலிருந்து கிளம்பிய குளோரோஃபுளோரோகார்பன்களின் குளோரின், அந்த மேகத் துகள்களின் மேல் உட்கார்ந்து, காரியத்துக்குத் தயாராகிக் காத்திருக்கும். ஆகஸ்ட் கடைசியில் சூரியன் மேலேறியதும் ஓசோனைத் தின்ன ஆரம்பிக்கும். 1985இல் ஹேலி நிலையத்துப் பிரிட்டிஷ்காரர்கள் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்லின் ஓசோன் இப்படிக் குறைவதைக் கண்டு எழுதினார்கள். 1987இல் அந்த வாயுக்களைக் கட்டுப்படுத்த மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. படித்ததுதான், பரீட்சையில் எழுதியதுதான்.

அக்டோபர் தொடக்கத்தில் நானும் அண்ணாச்சியும் விட்ட பலூன் ஒன்று. வழக்கமாகப் பத்து கிலோமீட்டருக்கு மேலே போகப்போகத் திரையில் கோடு வலப்பக்கம் வயிறுபோலப் புடைக்கும், அதுதான் ஓசோன் அடுக்கு. அன்று பதினான்கைத் தாண்டியதும் கோடு இடப்பக்கம் திரும்பிப் பூஜ்யத்தோடு ஒட்டிக்கொண்டது. பதினைந்து, பதினாறு, பதினேழு. பம்ப் நின்றுவிட்டதோ என்று சந்தேகம். பம்ப் மின்னழுத்தத்தைப் பார்த்தேன், சரியாக இருந்தது. இருபதுக்கு மேல் கோடு தானாகவே விலகி எழுந்தது. நடுவில் சில கிலோமீட்டருக்கு ஓசோன் கிட்டத்தட்ட இல்லை. அண்ணாச்சி பின்னால் நின்று, "அந்த எடம் காலியா?" என்றார். ஆமாம் என்றேன். "நம்ம வீட்டுப் பழைய ஃப்ரிட்ஜுமா?" அதுவும் சேர்த்துத்தான். உலக வானிலை அமைப்பின் மதிப்பீட்டின்படி அண்டார்டிகாவுக்கு மேலே இந்த ஓட்டை 1980ஆம் ஆண்டு நிலைக்குத் திரும்ப 2066 வாக்கில் ஆகும். அதுவரை யாராவது அங்கே குழாயைத் தட்டிக்கொண்டு, பலூனும் விட்டுக்கொண்டு இருக்க வேண்டும்.

நவம்பரில் புது ஆட்கள் விமானத்திலிருந்து இறங்கினார்கள். சோப்பு வாசனை, ஷாம்பு வாசனை. ஆரஞ்சுப் பெட்டி ஒன்றைத் திறந்தபோது யாரும் பேசவில்லை. அடுத்த வாரங்கள் கணக்கு ஒப்படைப்பில் போயின. குப்பையும் கணக்கில் வரும். பிரித்து, டிரம்மில் அடைத்து, எடைபோட்டு, கப்பலில் ஏற்றி வெளியே கொண்டுவர வேண்டும். உடைந்த ஸ்பூன்கூட அங்கே தங்கக் கூடாது. அந்த டீ ஸ்பூனை நாங்கள் மனப்பூர்வமாக அனுப்பிவைத்தோம்.

மைத்ரிக்கு வயதாகிவிட்டது. பத்து வருஷத்துக்கு என்று போட்டாலே பெரிது என்கிற இடத்தில் முப்பத்தைந்தைத் தாண்டி நிற்கிறது. கிழக்கே வெகுதூரத்தில், லார்ஸ்மன் குன்றுகளில் 2012இல் வந்த பாரதி நிலையம் 134 கன்டெய்னர்களை உள்ளே வைத்துக் கட்டியது, பார்க்கவே வேறு யுகம். மைத்ரி-2 கட்டத் திட்டம் இருக்கிறது. வடிவமைப்பவர்கள் சோலார், காற்றாலை, தானியங்கிக் கருவி எல்லாம் யோசித்திருப்பார்கள், யோசிக்க வேண்டும். எனக்கென்னவோ, படம் வரைவதற்கு முன் அவர்களில் ஒருவராவது ஒரு குளிர்காலம் அங்கே தங்கிப் பாத்திரம் கழுவிவிட்டு வந்தால் நல்லது என்று படுகிறது. அண்ணாச்சியிடம் போனில் இதைச் சொன்னேன். ஏரியிலிருந்து வரும் குழாயை ஆள் நடக்கிற அளவுக்கு மூடிய பாதைக்குள் கொண்டுவர வேண்டும், ஜாயின்ட் எல்லாம் கையுறையோடு கழற்றுகிற மாதிரி பெரிதாக இருக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். போனை வைக்கப்போகிற நேரத்தில், "ஜெனரேட்டர் ரூம்ல ரெண்டடிக்கு ஒரு தட்டு விடச் சொல்லுங்க தம்பி, எதுக்குன்னு கேட்டா சொல்ல வேணாம்" என்றார்.